ஆஷ் வழக்கும் அதன் வாரிசுச் சட்டங்களும்

தேசப் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கல்கத்தாவில் தொடங்கி, அமிர்தசரஸ் வழியாக டெல்லிக்குப் போய்ச் சேருவது வழக்கம். குண்டு வெடித்தது வங்காளத்தில், சுட்டுக் கொன்றது ஜாலியன்வாலா பாக்கில், சட்டம் நிறைவேறியது டெல்லியில் என்று கதை நேர்கோட்டில் ஓடிவிடும். தென்காசி, செங்கோட்டை, மணியாச்சி ஆகிய பெயர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தால் அதிகம். ஆனால், விசேஷ அதிகாரம் இல்லாமல் ராஜதுரோகச் சதியை அடக்கவே முடியாது என்ற வாதத்தை உரசிப் பார்க்க ஒரு வழக்கு வேண்டுமென்றால், இந்த வட்டாரத்து இளைஞர்கள் கூண்டிலேறிய 1911-12ஆம் ஆண்டு வழக்கைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. மேலும் கடுமையான சட்டம் தேவை என்பதற்கு அந்த வழக்கைப் பின்னாளில் காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார்கள். வழக்கின் ஏடுகளைப் புரட்டினால், அது காட்டுவது நேர்மாறானதை என்பதே என் கட்சி.

இந்தத் துறைக்கென்று இன்று தனிப் படிப்பே இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜான் நார்ட்டன் மூரும் ராபர்ட் டர்னரும் 1981இல் தேசப் பாதுகாப்புச் சட்ட மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் 1993இல் இன்னொன்று வந்தது. அங்கே பணியாற்றுகிறவர்களின் வேலை என்னவென்று பார்த்தால், அரசு ஓர் அதிகாரத்தைக் கேட்கும்போது அது எதற்காக, எவ்வளவு, யார் கண்காணிப்பில் என்று பழைய வழக்குகளையும் சட்டங்களையும் வைத்து ஆராய்வதுதான். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்யப் பல்கலைக்கழகம் அன்று முன்வரவில்லை. திருநெல்வேலிக்கு அரசு சட்டக் கல்லூரி வந்ததே 1996இல்தான். ஆனால் வேலை நடக்காமல் இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்து நீதிபதிகளும் வக்கீல்களும் கோட்டையில் கோப்பெழுதிய அதிகாரிகளும் அதைச் செய்தார்கள். ஒருவர் நன்றாகச் செய்தார், ஒருவர் கெடுத்தார், சிலர் வாழ்க்கையின் முற்பகுதியில் ஒன்றும் பிற்பகுதியில் வேறொன்றுமாகச் செய்தார்கள். இந்தக் கட்டுரையில் வருகிற மனிதர்கள் அவர்கள்தான். கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்ற வாஞ்சிநாதனை எல்லோருக்கும் தெரியும். வழக்கை நடத்தியவர்களைத் தெரியாது.

முதலில் நிலவியலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கில் பாதி அதில் இருக்கிறது. 1911இல் தென்காசி ஆங்கிலேயர் ஆண்ட திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. கூப்பிடு தூரத்திலிருந்த செங்கோட்டையோ திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. 1956 நவம்பர் 1 வரை அது தமிழ்நாட்டோடு சேரவில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இரண்டு ஊருக்கும் ஒரே காற்றுதான், ஆனால் போலீஸ் வேறு, கோர்ட்டு வேறு. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லம் போகும் மீட்டர் கேஜ் ரயில் பாதை 1904 வாக்கில் முழுமையானது. அதுவரை மலையைக் கடந்து பிழைக்கப் போனவர்கள் மாட்டுவண்டியில் போனார்கள். இப்போது ஒரே நாளில் போய்வர முடிந்தது. செங்கோட்டை இளைஞர் ஒருவர் புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு, தென்காசியில் கூட்டாளிகளைச் சந்தித்து, தூத்துக்குடிச் செய்தியைச் சுடச்சுடக் கேட்டுக்கொள்ளக் கூடிய வாழ்க்கை இந்த ரயிலால் வந்தது. வடக்கே பிரெஞ்சுக்காரர் கையில் பாண்டிச்சேரி. இப்படி மூன்று அரசுகளின் எல்லையைத் தாண்டி ஒரு சிறு குழு இயங்கியது என்பதே அன்றைய அதிகாரிகளைக் கலங்க வைத்தது. இன்று 'எல்லை தாண்டிய' என்ற அடைமொழியைக் கேட்டவுடன் தனிச் சட்டம் வேண்டும் என்று நினைக்கிறோமே, அந்த நினைப்பு அப்போதே இருந்தது.

பின்னணியில் 1908 இருக்கிறது. மார்ச் 12ஆம் தேதி வ.உ.சிதம்பரம் பிள்ளை கைதானார்; மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் அப்போது அதிகாரம் செலுத்தியவர் ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ். ஜூலை மாதம் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு குற்றங்களுக்கும் தனித்தனியாக ஆயுள்கால நாடுகடத்தல் விதித்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு, அதாவது 1870இல் சேர்க்கப்பட்ட ராஜதுரோகப் பிரிவு, அதற்கு ஆதாரம். மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட்டும் நீதிபதி மில்லரும் அதை ஆறாண்டாகக் குறைத்தார்கள். குற்றம் செய்யவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. தண்டனைக்கும் குற்றத்துக்கும் பொருத்தமில்லை என்றார்கள். இந்த ஆர்னால்டு ஒயிட்டை நினைவில் வைத்துக்கொள்வோம், மூன்றாண்டு கழித்து மறுபடி வருவார். அதே 1908 டிசம்பரில் இந்திய அரசு குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. அதன் முதல் பகுதி, ராஜாங்கத்துக்கு எதிரான குற்றங்களை ஜூரி இல்லாமல் மூன்று உயர்நீதிமன்ற நீதிபதிகள் விசாரிக்க வழி செய்தது. இரண்டாம் பகுதி, ஒரு சங்கத்தைச் சட்ட விரோதமானது என்று அரசே அறிவிக்கும் அதிகாரத்தைத் தந்தது. இந்த இரண்டாம் பகுதி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கப்போகிறது என்று அதை எழுதியவர்களே எண்ணியிருக்க மாட்டார்கள்.

1911 ஜூன் 17. குற்றாலத்தில் சீசன் மாதம்தான், ஆனால் ஜில்லா கலெக்டராகிவிட்ட ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குக் கிளம்பினார். மணியாச்சி ஜங்ஷனில் வண்டி நின்றபோது, முதல் வகுப்புப் பெட்டிக்குள் வைத்து வாஞ்சி அவரைச் சுட்டுக் கொன்றார். நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஐந்தாம் ஜார்ஜுக்கு லண்டனில் முடிசூட்டு விழா நடக்க ஐந்து நாள் இருந்தது. வாஞ்சியின் சட்டைப் பையிலிருந்த கடிதம் அந்த விழாவைத்தான் குறிவைத்தது. மூவாயிரம் பேர் சபதம் எடுத்திருப்பதாகவும், அதைத் தெரியப்படுத்தவே இந்தச் செயல் என்றும் அது சொன்னது. கூட வந்திருந்த ஒட்டப்பிடாரம் மாடசாமிப் பிள்ளை தப்பி ஓடினார். அவர் பிடிபடவே இல்லை. மூவாயிரம் என்ற எண்ணை அரசாங்கம் எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று ஊகிப்பது எளிது. ஒரு கலெக்டரை இழந்த நிர்வாகம், பின்னால் இன்னும் 2,999 பேர் இருப்பதாக எழுதிவைத்துவிட்டு ஒருவர் செத்துக் கிடக்கும்போது, அது வெறும் வீறாப்பு என்று சும்மா இருந்துவிட முடியாது. விசாரணை முடிந்து கூண்டில் நிறுத்தக் கிடைத்தவர்கள் 14 பேர்.

அந்தப் பதினான்கு பேரை வரிசையாகப் பார்த்தால், சாம்ராஜ்யத்தைக் கவிழ்க்கப் புறப்பட்ட படை என்று சொல்ல நாக்கு வராது. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி, பாண்டிச்சேரியில் 'சூர்யோதயம்' பத்திரிகை நடத்தியவர், வயது இருபத்தொன்று அளவில். இரண்டாவது சங்கரகிருஷ்ணன், வாஞ்சியின் மைத்துனர். மற்றவர்களில் விவசாயிகள், சிறு வியாபாரிகள், சமையல் வேலை செய்தவர்கள், ஒரு வக்கீல் குமாஸ்தா, ஒரு பள்ளி ஆசிரியர். சாவடி அருணாசலம் பிள்ளை, ஹரிஹர ஐயர், அழகப்பா பிள்ளை, வந்தே மாதரம் சுப்பிரமணிய ஐயர் என்று செங்கோட்டைக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். பிராமணர்களும் வேளாளர்களும் கலந்த கூட்டம். சாதிக் கட்டுப்பாடு இறுகிக் கிடந்த அந்தக் காலத்துச் செங்கோட்டையில் அதுவே கவனிக்க வேண்டியது. விசாரணையின் நெருக்கடியில் தர்மராஜ ஐயரும் வெங்கடேஸ்வர ஐயரும் தற்கொலை செய்துகொண்டார்கள். திருவிதாங்கூர்க் குடிகளாயிற்றே, ஆங்கிலேயப் போலீஸ் தொட முடியுமா என்ற கேள்வியை அன்றைய திருவிதாங்கூர் நிலவரம் அறிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். திவான் பி.ராஜகோபாலாச்சாரியை விமர்சித்ததற்காக 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளையை 1910 செப்டம்பரில் அச்சகத்தைப் பறித்து நாடு கடத்திய சமஸ்தானம் அது.

வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் கேட்டவர்கள் மூன்று நீதிபதிகள்: தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதி அய்லிங், நீதிபதி சி.சங்கரன் நாயர். ஜூரி இல்லை. ஆக, சாதாரண நடைமுறையிலிருந்து இந்த வழக்கும் ஒரு படி விலகியதுதான். அதை மறைத்துவிட்டு வாதம் செய்வது நேர்மையாகாது. ஆனால் விலகியது அந்த ஒரு படி மட்டுமே. விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடந்தது. எதிரிகளுக்கு வக்கீல்கள் இருந்தார்கள். பின்னாளில் 'ஆந்திர கேசரி' என்று பெயரெடுத்த டங்குடூரி பிரகாசமும் அவர்களில் ஒருவர். குறுக்கு விசாரணை உண்டு. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அப்படியே செல்லுபடியானது. நீதிபதிகள் காரணம் எழுதித் தீர்ப்புச் சொன்னார்கள், அது சட்ட அறிக்கைத் தொகுப்பில் அச்சானது. இந்த ஐந்தாறு சமாச்சாரங்களும் பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். 1919இல் கொண்டுவந்த சட்டம் எவற்றையெல்லாம் கழற்றிப் போட்டது என்று பார்க்கும்போதுதான் இவற்றின் எடை புரியும்.

அரசுத் தரப்பின் முதுகெலும்பு அப்ரூவர்கள்: ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை. பாரத மாதா சங்கம் என்ற ரகசியக் கூட்டத்தைப் பற்றியும், தென்காசியில் ஒரு வீட்டில் நடந்த சத்தியப் பிரமாணத்தைப் பற்றியும், விபூதி குங்குமத்தோடு, கட்டைவிரலைக் கீறி ரத்தத்தில் ஒப்பமிட்டதைப் பற்றியும் வந்த விவரம் அப்ரூவர் வாக்குமூலத்தின் வழியே வந்தது. ரகசியச் சதியை உள்ளே இருந்தவர்தான் சொல்ல முடியும். அதே சமயம், தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறவன் சொல்லை எந்த அளவுக்கு நம்புவது? சாட்சியச் சட்டம் இதற்கு வைத்திருந்த மரபு, உடந்தையாளன் சொல்லுக்கு வேறொரு ஆதாரம் துணையாக நிற்க வேண்டும் என்பது. அப்படியானால், அப்ரூவர் முன்பு மாஜிஸ்டிரேட்டிடம் சொன்ன வாக்குமூலத்தையே, இப்போது கோர்ட்டில் சொல்வதற்குத் துணை ஆதாரமாகக் கொள்ளலாமா? ஒருவன் இரண்டு முறை சொன்னால் இரண்டு சாட்சியாகிவிடுமா? இந்தக் கேள்வி பெரிதாகி, ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. அவர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. அங்கே எழுந்த விவாதம் முத்துக்குமாரசாமிப் பிள்ளை வழக்கு என்ற பெயரில், சாட்சியச் சட்டத்தின் 157ஆம் பிரிவைப் பற்றி வாதிட்ட வக்கீல்களால் பல பத்தாண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. ஒரு கலெக்டர் கொலையுண்ட வழக்கில், பேரரசு கொதித்துக் கிடந்த நேரத்தில், அதே பேரரசின் நீதிபதிகள் ஒரு பிரிவின் பொருளுக்காக இவ்வளவு மல்லுக்கட்டினார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை.

1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கண்டது. மன்னருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தார்கள் என்ற 121ஏ பிரிவில் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் விடுதலையானார்கள். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு நான்காண்டு, மற்றவர்களுக்கு அதற்கும் குறைவு. சங்கரன் நாயர் தனியாக எழுதிய தீர்ப்பு ஒரு சட்ட ஆவணம் மட்டும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் சுதேசி இயக்கம் எப்படி வளர்ந்தது, தமிழில் என்ன எழுதப்பட்டது, பேசப்பட்டது என்பதையெல்லாம் எடுத்துவைத்து, கோபத்துக்கும் சதிக்கும் இடையே கோடு கிழிக்க முயன்ற எழுத்து. ஒரு ஜில்லாவின் மனநிலையை ஒரு நீதிபதி இவ்வளவு பொறுமையாக அலசியது அதற்கு முன் அபூர்வம். இனி விளைவைக் கணக்கிடலாம். எட்டே மாதத்தில் வழக்கு முடிந்தது. சதி செய்ததாக நீதிமன்றம் நம்பியவர்கள் சிறைக்குப் போனார்கள். நம்ப ஆதாரம் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தென்னாட்டில் இப்படி ஒரு படுகொலைச் சதி தலைதூக்கவில்லை. பேரரசின் கண்ணிலிருந்தே பார்த்தாலும், பாதுகாப்பு கிடைத்தாகிவிட்டது. கையிலிருந்த சட்டமே போதுமானதாக இருந்தது.

ஆனால் கோப்பு மூடப்படவில்லை. 1917 டிசம்பரில் சிட்னி ரௌலட் தலைமையில் ராஜதுரோகக் குழு அமைக்கப்பட்டது. உறுப்பினர்களில் ஒருவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி.குமாரசாமி சாஸ்திரி. பெரும்பாலும் கல்கத்தாவில், கதவை மூடிக்கொண்டு அமர்ந்த அந்தக் குழு 1918இல் தந்த அறிக்கையில் சென்னை மாகாணத்துக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. விபின் சந்திர பால் 1907இல் சென்னையில் பேசியது, திருநெல்வேலிக் கலவரம், நீலகண்டரின் சுற்றுப்பயணம், லீவு போட்டுவிட்டு வாஞ்சி பாண்டிச்சேரி போய் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கி பழகியது என்று எல்லாம் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த அத்தியாயத்தின் முடிவே தென்னாட்டில் சொந்தமாக முளைத்த புரட்சி இயக்கம் எதுவும் இல்லை, வெளியிலிருந்து வந்த தூண்டுதல் இல்லாவிட்டால் இங்கே தொல்லையே இருந்திருக்காது என்பதுதான். இது செங்கோட்டைக்காரர்களுக்குச் செய்த அவமதிப்பு என்பது வேறு விஷயம். வாதத்தின் கோணத்தில் பார்த்தால், நோய் இல்லை என்று எழுதிவிட்டு அதே கையால் மருந்துச் சீட்டு எழுதியது போலிருக்கிறது. 1919 மார்ச்சில் நிறைவேறிய ரௌலட் சட்டம் சென்னைக்கும் சேர்த்துத்தான். ஜூரி இல்லாத மூவர் நீதிமன்றம், மேல்முறையீடு கிடையாது, விசாரணையில்லாமல் அடைத்து வைக்கலாம். பிறகு நடந்தது தெரிந்ததே. அந்தச் சட்டத்தின் விசேஷ அதிகாரங்கள் எங்குமே பயன்படுத்தப்படாமல் 1922இல் சட்டம் நீக்கப்பட்டது. நாட்டையே எரித்த ஒரு சட்டத்துக்கு, அதை இயற்றியவர்களுக்கே பயன் இருக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. லேசாகத் தள்ளிவிடக் கூடியது இல்லை. நடந்தது உண்மையான கொலை. முக்கியமானவர் ஒருவர் தப்பி ஓடினார், இன்னொருவர் பிரெஞ்சு எல்லைக்குள் பத்திரமாக இருந்தார். கொலைக்கு உடந்தை நிரூபணமாகவில்லை என்பது சாதாரணச் சட்டத்தின் தோல்வியைத்தானே காட்டுகிறது, வெற்றியை எப்படிக் காட்டும் என்று கேட்கலாம். வங்காளத்தில் சாட்சிகளும் அரசு வக்கீலும் சுட்டுக் கொல்லப்பட்டதை அறிந்தவர்கள் இதைக் கேட்கத்தான் செய்வார்கள். என் பதில் இது: நிரூபிக்க முடியாததை நிரூபணமாகவில்லை என்று சொல்வது நீதிமன்றத்தின் தோல்வி ஆகாது. தப்பியோடியவரைப் பிடிக்க ரௌலட் சட்டம் ஒரு போலீஸ்காரரைக்கூடக் கூடுதலாகத் தரவில்லை. பாண்டிச்சேரி எல்லையை ஒரு முழம்கூட நகர்த்தவில்லை. அது செய்திருக்கக் கூடியது ஒன்றுதான். விடுதலையான அந்த ஐந்து பேரை, ஆதாரம் தேடும் சிரமமில்லாமல் உள்ளே வைத்திருக்க உதவியிருக்கும். விசேஷச் சட்டங்கள் சதிகாரர்களுக்காகவே இயற்றப்படுவதாகச் சொல்லப்படுகிறது. நடைமுறையில் அவை அதிகம் எட்டுவது ஆதாரம் போதாதவர்களை. ஆதாரம் இருப்பவர்களுக்குத்தான் பழைய சட்டமே போதுமே.

வேறொரு மறுப்பு இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. வாஞ்சியின் கடிதத்தில் மன்னரைப் பழிக்கப் பயன்படுத்தப்பட்ட சொற்கள் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் மாட்டிறைச்சி உண்பதையும் இழிவாக வைத்து எழுதப்பட்டவை. சனாதனத்தைக் காப்பதும் அந்தக் கடிதத்தின் நோக்கம். ஆஷ் தலித்துகளுக்கு நியாயம் செய்ததால்தான் கொல்லப்பட்டார் என்றொரு கதையும் இந்த வட்டாரத்தில் உலவுகிறது. வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி ஆஷைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். உலவும் கதைக்கும் ஆவணத்துக்கும் உள்ள தூரத்தை அறிய விரும்புகிறவர்கள் அங்கே போகலாம். கதை எப்படியானாலும் கடிதத்தின் சாதி வெறுப்பு அச்சில் இருக்கிறது. அதைப் பூசி மெழுகுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நல்லவரா என்று பார்த்து நடைமுறையைத் தளர்த்துவதோ இறுக்குவதோ சட்டமாகாது. நாம் விரும்பாத கருத்தைக் கொண்டவருக்கு எந்தச் சட்டம் ஓட்டப்படுகிறதோ, அதுதான் நாட்டின் சட்டம்.

அன்னியன் செய்தான், சுயராஜ்யத்தில் இந்தக் கவலை வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கும் சென்னை மாகாணமே பதில் வைத்திருந்தது. 1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மீது மாகாணப் பிரதமர் ராஜாஜி பயன்படுத்தியது, சட்ட மறுப்புக்காரர்களை அடக்க ஆங்கிலேயர் இயற்றிய குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தின் பிரிவு. 1951இல் மத்திய உள்துறை அமைச்சராகத் தடுப்புக்காவல் சட்டத்தை நீட்டித்துப் பாராளுமன்றத்தில் வாதாடியவரும் அவரே. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் தங்கிக் கம்பனைக் கேட்டு மகிழ்ந்த அதே ராஜாஜி. டி.கே.சி.யும் சட்டம் படித்தவர்தான். அருவிக்கரையில் அந்த இரண்டு பி.எல்.களும் தடுப்புக்காவலைப் பற்றிப் பேசியிருப்பார்களா என்று யோசிக்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். ராஜாஜியைவிட எனக்கு அதிகம் உறுத்துவது பிரகாசம். ஆஷ் வழக்கில் அப்ரூவர் சாட்சியத்தை எதிர்த்து நின்ற தரப்பின் வக்கீல், 1947 ஜனவரியில் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது பொது அமைதிப் பராமரிப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். விசாரணையின்றிக் கைது செய்ய இடம் கொடுத்த அதைக் கம்யூனிஸ்டுகள் 'பிரகாசம் ஆர்டினன்ஸ்' என்றே அழைத்தார்கள். இதை மனிதரின் பலவீனம் என்று விட்டுவிட முடியவில்லை. சங்கரன் நாயரும்கூட ரௌலட் சட்டம் நிறைவேறியபோது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தவர்தான். பஞ்சாபில் ராணுவச் சட்டம் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகே, 1919இல், பதவியை உதறினார். நாற்காலியில் அமர்ந்ததும் மனிதனின் பார்வை மாறும் என்றுதான் நாற்காலிக்கு வெளியே ஒரு நீதிமன்றத்தை வைத்திருக்கிறோம்.

அந்த நீதிமன்றம் குடியரசின் முதல் ஆண்டிலேயே வேலையைத் தொடங்கியது, அதுவும் சென்னைச் சட்டங்களை வைத்து. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய் வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று 1949ஆம் ஆண்டின் பொது அமைதிப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் தடை போடப்பட்டது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு அந்தத் தடையைத் தூக்கியெறிந்தது. அரசின் பாதுகாப்பு வேறு, ஊரின் பொது அமைதி வேறு. பின்னதைக் காட்டி முன்னதற்குரிய ஆயுதத்தை எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். மறு ஆண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 'பொது ஒழுங்கு' என்ற சொல்லை உள்ளே நுழைத்தது தனிக்கதை. 1952 மார்ச்சில் அதே பதஞ்சலி சாஸ்திரி, இப்போது தலைமை நீதிபதியாக, வி.ஜி.ராவ் வழக்கைத் தீர்த்தார். மக்கள் கல்விக் கழகம் என்ற அமைப்பைச் சட்ட விரோதமானதென்று சென்னை அரசு அறிவித்திருந்தது. எந்தச் சட்டத்தின்கீழ் என்றால், முன்பு சொன்ன 1908ஆம் ஆண்டின் அதே சட்டத்தின் இரண்டாம் பகுதி, 1950இல் சென்னை திருத்திக்கொண்ட வடிவில். அரசின் சொந்த அபிப்பிராயமே போதும், நீதிமன்றம் ஆராய வேண்டாம் என்ற அந்தத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டுப்பாடு நியாயமானதா என்று எப்படி எடை போடுவது என்பதற்கு அந்தத் தீர்ப்பு சொன்ன அளவுகோலை இன்றும் நீதிமன்றங்கள் கையில் எடுக்கின்றன. 1908ஆம் ஆண்டின் சட்டமோ இன்னும் சாகவில்லை, சில மாநிலங்களில் அமைப்புகளைத் தடை செய்யப் பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பதஞ்சலி சாஸ்திரியையும் மாசற்ற வீரராக்க வேண்டாம்; 1950இல் ஏ.கே.கோபாலன் வழக்கில் தடுப்புக்காவல் சட்டத்தைப் பெருமளவு செல்லும் என்று சொன்ன பெரும்பான்மையில் அவரும் ஒருவர். ஆனால் அங்கும் ஒரு பிரிவு விழுந்தது. கைதுக்குச் சொன்ன காரணத்தை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்ற பதினான்காம் பிரிவு அது.

2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியின் எல்லைக்குள்தான் கலிங்கப்பட்டி இருக்கிறது. அந்த ஊர்க்காரரான வைகோ, விடுதலைப் புலிகளை ஆதரித்துத் திருமங்கலத்தில் பேசியதற்காக 2002 ஜூலையில் பொடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அந்தச் சட்டத்தை அவ்வாண்டு மார்ச்சில் கொண்டுவந்த கூட்டணி அரசில் அவருடைய கட்சியும் அங்கம். பத்தொன்பது மாதம் சிறையில் இருந்தார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றது. ஆனால் பயங்கரவாதச் செயலுக்கு உதவும் எண்ணம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு அதன்கீழ்க் குற்றமாகாது என்றும் சொன்னது. கோபத்துக்கும் சதிக்கும் நடுவே சங்கரன் நாயர் தேடிய கோடுதான் இது, தொண்ணூறு ஆண்டு கழித்து. 2004 செப்டம்பர் 21 அன்று ஓர் அவசரச் சட்டம் பொடாவை நீக்கியது. அதே நாளில் பிறப்பித்த இன்னொரு அவசரச் சட்டம், 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, பொடாவிலிருந்த பிரிவுகளில் பலவற்றை அதற்குள் கொண்டுபோய் வைத்தது. பொடா குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று இயற்றப்பட்டது. 1967ஆம் ஆண்டின் சட்டத்துக்குக் காலக்கெடு ஏதும் கிடையாது.